முதுமைக்கு ஒரு மாதச் சம்பளம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாலிபர் சங்கத்து மேடையில் வாலிபரைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமோ இன்று முதியோரைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயில்கிறோம். அங்கே முதுமை, செல்வம், உடல்நலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்த கட்டுரைகள் சிலவற்றை வாசிக்க நேர்ந்தது. வாசிக்கும்போது நியூயோர்க்கும் மொஸ்கோவும் எம் கண்முன் வரவில்லை. எமது லயத்தின் கடைசிக் காம்பராதான் வந்தது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ஊரார் இன்றும் மிஷன் பாடசாலை என்று அழைக்கும் பள்ளியில் நாம் ஏழாம் வகுப்புப் படித்த காலம். லயத்திலே ஆங்கிலக் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடியவர் என்ற பெயர் எமக்கு இருந்தது. ஒருநாள் மாலை கடைசிக் காம்பராவிலிருந்த அப்பாயி ஒருவர் கபில நிற உறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பதினாறு வயதில் கூடை தூக்கி, ஐம்பத்தெட்டு வயதில் இறக்கி வைத்தவர் அவர். சேமலாப நிதிக்கு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்திலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்துவரவில்லை, அத்தாட்சி அனுப்புக என்று கடிதம் கூறிற்று. நாம் சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் இடைமறித்து, "தம்பி, காசு வருமா வராதா? அத மட்டும் சொல்லு" என்றார்.

காசு வந்தது, பதினான்கு மாதங்கள் கழித்து வந்தது. கடைக் கடனுக்கு ஒரு பங்கு, கூரைத் தகரத்துக்கு ஒரு பங்கு, பேத்தியின் கல்யாணத்துக்கு மீதி. மூன்று மாதத்தில் வங்கிப் புத்தகம் வெறுமையாயிற்று. அடுத்த மழைக்காலத்தில் அந்த அப்பாயி, வீங்கிய முழங்காலுடன், கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலை ஏறினார். நாற்பத்திரண்டு ஆண்டு உழைப்பின் பலன் மூன்று மாதத்தில் கரைந்த காரணம் என்ன? அவருடைய அறியாமையா? பிள்ளைகளின் பேராசையா? அல்லது அந்தப் பணம் வந்து சேர்ந்த விதத்திலேயே ஒரு கோளாறு உண்டா? இக்கேள்வியே இன்றைய பேச்சின் பொருள்.

அன்பர்களே! ஒருவருடைய செல்வம் என்று பொருளியலார் எதைக் கணக்கிடுகிறார்கள்? நிலம், வீடு, நகை, சேமிப்பு ஆகியவற்றைக் கூட்டி, கடனைக் கழித்து வருவதே செல்வம். நாட்டுப்புறத்து முதியவருக்குப் பெரும்பாலும் ஒரு துண்டு நிலமாவது, தம் பெயரில் ஒரு வீடாவது இருக்கும். வயதான காலத்தில் அது அவருக்கு ஒரு பிடிமானம். தோட்டத்து முதியவருக்கு அது வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம் முன்னோரை நாடற்றவராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினார்கள், கம்பனிகள் மாறின. லயத்துக் காம்பரா மட்டும் தோட்டத்தின் சொத்தாகவே இருந்துவந்தது. அண்மைக் காலத்தில் தனி வீடுகள் எழும்பி வருகின்றன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனினும் ஏராளமான குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே வாழ்கின்றன.

இதன் விளைவு என்ன? தோட்டத்து முதியவர் காம்பராவில் இருப்பதற்கு ஆதாரம், அவருடைய பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் போடுவதே. பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்கோ, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கோ போய்விட்டால் அந்த ஆதாரமும் ஆட்டங்காணும். ஆகவே வீடும் நிலமும் கழிந்தபின் எஞ்சும் ஒரே செல்வம், வேலையை விடும்போது கைக்கு வரும் பணமே.

அப்பணம் மூன்று வழியாக வருகிறது. முதலாவது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில்கொள்வோர் பங்கு நூற்றுக்கு 12. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டால் அதைப் பெறலாம். இரண்டாவது, 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதி. அதற்குத் தொழில்கொள்வோர் மட்டும் நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படியான பணிக்கொடை. எமது லயங்களில் 'சர்வீஸ் காசு' என்பார்களே, அதுவே. ஐந்து ஆண்டுகளேனும் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் வீதம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டு, வேலை விட்ட 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

இம்மூன்றும் போராடிப் பெற்ற உரிமைகள். அவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தில், 30 ஆண்டுச் சேவைக்கு, பணிக்கொடை 5,67,000 ரூபா. கேட்பதற்குப் பெருந்தொகை. ஓய்வுக்குப் பின் அவர் இருபது ஆண்டு வாழ்வார் என்று வைத்து, அதனை 240 மாதங்களுக்குப் பங்கிட்டால், மாதத்துக்கு வருவது 2,362 ரூபா 50 சதம். ஒரே நாளில் கையில் வரும்போது மலையாகத் தெரிவது, மாதமாகப் பிரித்தால் மண்மேடாகத் தெரிகிறது. பெருந்தொகை தரும் மயக்கம் இதுதான். லட்சக்கணக்கில் பணம் இருக்கிறதென்று ஊர் நினைக்கும், உறவு நினைக்கும், அவரே நினைப்பார். உள்ளபடி அது இருபது ஆண்டுச் சோற்றுக்கான பணம்.

சென்ற நூற்றாண்டில், 1954இல், மொடிகிளியானி, பிரம்பேர்க் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். மனிதன் உழைக்கும் வயதில் மிச்சம் பிடித்து, உழைக்க இயலாத வயதில் அதை உண்கிறான் என்பது அதன் சாரம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று எம் பாட்டிமார் சொன்னதைத்தான் அவர்கள் கணிதமாக எழுதினார்கள். ஆனால் தூற்றுவதற்கு நெல் வேண்டுமல்லவா? தீபாவளி முற்பணத்தைத் தைப்பொங்கல் தாண்டியும் கழிக்கிற குடும்பம் எதை மிச்சம் பிடிக்கும்? 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். தோட்டப் பகுதியில் அது 33.8. இத்தகைய இடத்தில் சேமிப்பு இல்லாமற்போவதைக் குணக்கேடு என்று சொல்வது நியாயமாகாது.

இனி உடல்நலத்துக்கு வருவோம். சுவர் இருந்தால்தான் சித்திரம். செல்வமுள்ளவர் நெடுநாள் நோயின்றி வாழ்கிறார், ஏழை விரைவில் நோயுறுகிறார் என்பது எல்லா நாடுகளிலும் கண்ட உண்மை. ஆனால் எது காரணம், எது காரியம்? பணம் இல்லாததால் நோய் வருகிறதா, நோய் வந்ததால் பணம் போகிறதா? அமெரிக்காவில் 1992 முதல் ஐம்பது வயது கடந்த பல்லாயிரவரைத் தொடர்ந்து விசாரித்துவரும் ஓர் ஆய்வு உண்டு. அதன் தரவுகளைக் கொண்டு ஜேம்ஸ் சிமித் என்ற பொருளியலாளர் 1999இல் எழுதிய கட்டுரையில், இரண்டு திசையிலும் வண்டி ஓடுகிறது என்று காட்டினார். புதிதாக ஒரு பெருநோய் வந்தால் குடும்பத்தின் சேமிப்பு கரைகிறது. மருத்துவச் செலவு ஒரு பங்கு, உழைக்க முடியாமற்போன இழப்பு ஒரு பங்கு.

அப்படியானால் பணம் உடல்நலத்தைக் காக்கும் என்பதற்குத் தனியே சான்று உண்டா? இரண்டு நாடுகளின் கதையைச் சொல்கிறோம்.

முதலாவது ருஷ்யா. 1996இல் அங்கே அரசாங்கத்தின் கையில் பணம் இல்லை. இலட்சக்கணக்கான முதியோருக்கு மாதக்கணக்கில் உபகாரச் சம்பளம் வரவில்லை. ஜென்சன், ரிக்டர் என்ற இரு ஆய்வாளர்கள், சம்பளம் தடைப்பட்டவர்களையும் தடைப்படாதவர்களையும் ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள். தடைப்பட்ட வீடுகளில் உணவு குறைந்தது, மருந்து குறைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்கள் இறப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 5 அளவு கூடிற்று. மாதச் சம்பளம் சில மாதம் நின்றதற்கு மனித உயிர்கள் விலையாகப் போயின.

இரண்டாவது தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1990களின் தொடக்கத்தில், வெள்ளையருக்குக் கொடுத்த அதே அளவு முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் கிடைக்கலாயிற்று. உழைத்துச் சேர்த்த பணமன்று அது. அரசாங்கம் வரிப் பணத்திலிருந்து மாதந்தோறும் கொடுத்தது. ஆன் கேஸ் என்ற அம்மையார் அங்குள்ள குடும்பங்களை ஆராய்ந்தார். வருவாயை ஒன்றாகப் போட்டுச் செலவிடும் வீடுகளில், முதியவர் ஒருவருடைய ஓய்வூதியம் வீட்டிலுள்ள அனைவருடைய உடல்நலத்தையும் காத்தது. பசியால் ஒருவேளை உணவைத் தவிர்ப்பது குறைந்தது. 2019இல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ இன்னொன்றைக் கண்டார். ஓய்வூதியம் பாட்டியின் கைக்கு வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் தேறியது. தாத்தாவின் கைக்கு வந்தபோது அத்தகைய பலன் காணப்படவில்லை. தாத்தாமார் எம்மீது கோபங்கொள்ள வேண்டாம். நாம் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறது!

இக்கதைகளை எமது மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். டிக்கோயாவில் 2017இல் 150 கட்டில்களுடன் புதிய ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது. ஆயினும் இலவச மருந்துக்கு இலவசமாகப் போய்ச் சேர முடிகிறதா? மேற்பிரிவு லயத்திலிருந்து தார் வீதிக்கு இறங்க வேண்டும். முழங்கால் மறுத்தால் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். பிரஷரும் சீனி வருத்தமும் மாதந்தோறும் மருந்து கேட்கும் வருத்தங்கள். கையில் மாதந்தோறும் காசு இல்லாதவர் ஒரு மாதம் போவார், இரண்டு மாதம் போகமாட்டார். மகனிடம் கேட்கக் கூச்சம், மருமகளிடம் கேட்க அச்சம். இடையில் மருந்து நின்றுவிடும். ஒருநாள் காலையில் ஒரு கையும் காலும் விழுந்துபோய் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்த ஒருநாள் ஓட்டத்துக்குச் செலவாகும் பணம், எத்தனையோ மாதத்து வண்டிக் கூலி.

வருத்தம் மாதந்தோறும் வருகிறது, பசி நாள்தோறும் வருகிறது. பணம் மட்டும் ஆயுளில் ஒரே ஒரு முறை வருகிறது. அந்தக் கடைசிக் காம்பரா அப்பாயியின் கோளாறு இங்கேதான் இருந்தது.

பணம் மொத்தமாக வருவதில் மற்றுமோர் ஆபத்து உண்டு. 2022ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசிச் சுட்டெண் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு 69.8 ஏறியிருந்தது. அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி நூற்றுக்கு 9. இப்போது ஒருவரை எண்ணிப் பாருங்கள். அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாவாக இருந்த 2020இல், 30 ஆண்டுச் சேவையுடன் வேலையை விட்டார். அவருடைய பணிக்கொடை 2,94,000 ரூபா. செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார் என்றே கொள்வோம். இரண்டு ஆண்டில் அதன் வாங்கும் சக்தி பாதியளவுக்குத் தேய்ந்தது. சிக்கனமாக இருந்தவரும் தோற்றார். விலை ஏறும்போது கூடவே ஏற்றிக் கொடுக்கக்கூடிய மாதக் கொடுப்பனவு மட்டுமே இந்த இடியைத் தாங்கும்.

ஒரே லயத்தில் பிறந்த இரு சகோதரிகளை நினையுங்கள். ஒருவர் படித்து அரசாங்கப் பாடசாலை ஆசிரியை ஆனார், மற்றவர் கொழுந்து பறித்தார். இருவரும் அறுபதில் இளைப்பாறினார்கள். ஆசிரியைக்கு உயிருள்ளவரை மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. வங்கியும் அவரை நம்பிக் கடன் கொடுக்கிறது, மருமகளும் மதித்துத் தேநீர் கொடுக்கிறாள். மற்றவருக்கு ஒரு காசோலை வந்தது, போயிற்று. எழுபது வயதுக்கு மேல், வறியவர் பட்டியலில் பெயர் இருந்தால், அரசாங்கத்தின் சிறு முதியோர் கொடுப்பனவு கிடைக்கலாம். வேலை நிற்கும் வயதுக்கும் எழுபதுக்கும் இடையிலுள்ள நீண்ட ஆண்டுகளில் அவர் எதை உண்பார்?

இதற்கு மறுப்பும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. மொத்தப் பணம் முழுவதும் வீணாவதில்லை. ஒழுகும் கூரையை மாற்றுவதும் உடல்நலத்துக்குச் செய்யும் செலவே. கந்துவட்டிக் கடனை அடைப்பது நல்ல முதலீடு. மேலும், ஓய்வூதியம் என்று சட்டம் எழுதிவிட்டால் மட்டும் போதாது. எமது நாட்டில் 1987இல் கமக்காரருக்கும் 1990இல் மீனவருக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. கமக்காரர் நிதி வற்றி, இடையில் கொடுப்பனவு நின்று, பின்பே மீண்டது. ருஷ்யாவின் பாடமும் அதுவே. நின்றுபோகும் ஓய்வூதியத்தை நம்பியிருப்பது பெருங்கேடு. ஆகவே நாம் கேட்பது இதுதான்: சேமலாப நிதியில் ஒரு பங்கை அவசரத் தேவைக்கு மொத்தமாகவும், மறுபங்கை உயிருள்ளவரை மாதந்தோறும் பெறுவதற்கு வழிசெய்ய வேண்டும். அந்த மாதத்தொகை சிறிதாகையால் அரசாங்கமும் தேயிலையால் இலாபம் காணும் கம்பனிகளும் அதற்குத் துணைப் பங்கு சேர்க்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் நாட்சம்பளத்துக்காகப் பேசும் மேசையில் இதனையும் வைக்க வேண்டும்.

அது நாடு செய்ய வேண்டியது. சங்கம் செய்யக்கூடியது என்ன? வாலிப நண்பர்களே, இப்போது உங்களை நோக்கிப் பேசுகிறோம்.

முதலாவது, பெயர். பிறப்புப் பதிவில் முத்தாயி, செக்ரோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் வேறு எழுத்தில் முத்தம்மாள் என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க முதுமையில் ஓராண்டு போய்விடும். ஐம்பது வயது எட்டிய ஒவ்வொருவருடைய பத்திரங்களையும் இப்போதே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எமது சங்க மண்டபத்தில் ஒரு மேசை, நாலு நாற்காலி, எழுதப் படிக்கத் தெரிந்த நாலு பேர் போதும். சேமலாப நிதிக்கான 'கே' படிவத்தை நிரப்பவும், இறந்தவரின் பணத்துக்கான 'எல்' படிவத்தை நிரப்பவும் நாம் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டாவது, கணக்கு. சம்பளத்தில் கழித்த பணம் நிதியில் சேர்ந்ததா என்பதை வேலையை விடும் நாளில் கேட்பது காலங்கடந்த கேள்வி. சம்பளத் துண்டையும் நிதியின் கணக்குக் கூற்றையும் ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். குறை கண்டால் அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட வேண்டும். வாய்ப்பேச்சை மலைக்காற்று கொண்டுபோய்விடும்.

மூன்றாவதைச் சொல்லச் சற்றுக் கூசுகிறது. முதியவரின் பணம் முதியவர் பெயரில், முதியவர் கையில் இருக்கட்டும். அவருடைய வங்கிப் புத்தகத்தை மகன் சட்டைப்பையில் வைத்திருப்பது பக்தியுமன்று, பாசமுமன்று.

கூசுவதற்குக் காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சைக்கு நாம் படித்த இரண்டு ஆண்டும் மேலதிக வகுப்புக்கும், பல்கலைக்கழகம் புகுந்தபோது பெட்டிக்கும் உடுப்புக்கும் போன பணம் எமது சொந்த அப்பாயியின் சர்வீஸ் காசு. அவர் மனமுவந்துதான் கொடுத்தார். நாமும் மகிழ்ந்துதான் வாங்கினோம். அக்காசு அவருடைய எத்தனை மாதத்துச் சோறு, எத்தனை மாதத்து மருந்து என்று அன்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டதே அந்தக் காசில்தான். இந்த மண்டபத்தில் படித்தவர்களாக அமர்ந்திருக்கும் எம்மில் பலருடைய கதையும் இதுவாகவே இருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சேவை என்று நாம் பெருமை பேசத் தேவையில்லை. அது கடன் தீர்ப்பது.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கேட்டால் இல்லையென்று சொல்ல உங்களால் முடியாது என்பதை அறிவோம். கேட்ட அன்றே கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் பொறுங்கள். கூரைக்கும் கடனுக்கும் கொடுங்கள். மண்டபத்துக்கும் வாணவேடிக்கைக்கும் கொடாதீர்கள். ஒரு பங்கையேனும் உங்கள் பெயரில் மாத வட்டி தரும் கணக்கில் வைத்து, அந்த வட்டியில் உங்கள் வண்டிக் கூலியையும் மருந்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகின்ற தை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த மேசை இந்த மண்டபத்தில் போடப்பட வேண்டும் என்று இச்சபையைக் கேட்டுக்கொள்கிறோம். பேனாவுடன் நாம் வருவோம். உறையுடன் நீங்கள் வாருங்கள். "காசு வருமா, வராதா?" என்று இனி எந்த அப்பாயி கேட்டாலும், இத்தனையாம் திகதி வரும் என்று சொல்லக்கூடியவர்களாக நாம் இருக்க வேண்டும்.